காசு வாங்காத வளையல்

சித்தெ அக்கட்டத் தள்ளி உக்காருங்க அம்மிணி, இந்தப் பைய மடியில வெச்சுக்கறேன். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா இத்தன கூட்டம் எங்கிருந்துதான் கெளம்பி வருதோ. பையில ஒண்ணுமில்லீங்க, ரெண்டு சீப்பு வாழப்பழம், ஒரு பொட்டலம் காராபூந்தி. ஒரு புள்ளையப் பாக்கப் போறேன். உண்டாயிருக்குது. வெறுங்கைய வீசிக்கிட்டுப் போகக் கூடாதுல்ல.

ஒறம்பரையா, சொந்தமான்னு கேட்டா என்னத்தச் சொல்றது? ஒறம்பரைக்கும் மேலன்னு நான் சொல்லுவேன். அவ என்ன சொல்லுவாளோ, அது அவளுக்குத்தான் தெரியும். பேரச் சொல்ல மாட்டனுங்க. எங்க ஆபீசுல சத்தியம் வாங்கியிருக்காங்க, தாய்மாருங்க பேரையும் ஊரையும் வெளிய சொல்லப்படாதுன்னு. நானும் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறந்ததில்ல. அந்தப் புள்ளைன்னே வெச்சுக்குவோம்.

ஆபீசுன்னா சர்க்கார் ஆபீசு இல்லீங்க, ஆராய்ச்சி ஆபீசு. எயிட்ஸ் இருக்குதுல்ல... அய்ய, எதுக்கு அப்படி நகந்து உக்காரறீங்க? எனக்கில்லீங்க! நான் வேலைதான் பாக்கறேன். அந்தக் கிருமி தாயி ஒடம்புல இருந்தா வயித்துப் புள்ளைக்கு வராம எப்படித் தடுக்கறதுங்கற ஆராய்ச்சி. தடுக்கலாமுங்க. நெறையப் பேருக்கு அது தெரியாது. மாசமா இருக்கறப்பவே தாயிக்கு மாத்திரை. புள்ள பொறந்ததும் அதுக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து. தாய்ப்பாலத் தவுத்து வேற எதும் வாயில வெக்கக் கூடாது. பச்சத் தண்ணிகூடக் கூடாது. தாய்ப்பாலும் குடுத்து, நடுநடுவுல மாட்டுப்பாலும் சக்கரத் தண்ணியும் குடுத்தா அங்கதான் வெனை. நான் படிச்சதென்னமோ எட்டாவதுதான், ஆனா இத மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

முந்தி எனக்கு வளையல் யாவாரம். வளையலக் கோத்துத் தொங்கவுட்ட மலாரத்தத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரூராப் போவேன். எந்த ஊரு நோம்பின்னாலும், தேருன்னாலும் என்ற கடை இருக்கும். அத வெச்சுத்தான் ஆராய்ச்சி டாக்டரம்மா என்னையப் புடிச்சாங்க. "துளசி, ஜீப்புல போயி எறங்கினா ஊரே என்ன ஏதுன்னு கேக்குது. நர்சு போனாலும் கேக்குது. வளையக்காரி போனா யாரு கேப்பா?"ன்னாங்க. நெசந்தானுங்களே? அதுவும் மாசமா இருக்கற பொண்ணத் தேடி வளையக்காரி போகாம வேற எவ போவா? உள்ள உக்காந்து, கையப் புடிச்சு, சோப்புத் தண்ணி தடவி, ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே, "மாத்திரை முழுங்கினியா கண்ணு, வாந்தி வருதா, தலை சுத்துதா"ன்னு காதோட கேட்டுக்குவேன். மாமியாக்காரி பக்கத்துலயே நின்னாலும் தெரியாது. யோசனை அவியளுதுதான், ஆனா கை என்ற கை.

வளையல் பூராம் ஆபீசு செலவு. பொட்டி பொட்டியா வாங்கறதுக்கு என்னையத்தான் கடைக்கு அனுப்பிச்சாங்க. நான் பாத்துப் பாத்து எடுத்தனுங்க. மயில் கழுத்துக் கலரு, நடுவுல மெலுசா ஒரு ரோசுக் கோடு. அப்படியொரு வளையல் நம்ம பக்கம் எந்தக் கடையிலயும் கெடையாது. பாவப்பட்ட புள்ளைங்க, நல்லதாத்தான் போடட்டுமேன்னு எல்லாத்துக்கும் அதையே எடுத்துட்டேன். ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேறொண்ணுன்னு இருந்தா மனசு கோணிக்குமில்லீங்களா.

காசு வாங்கறதில்ல. அதுவும் ஆபீசு சொன்னதுதான். தெருவுல மத்த பொண்ணுங்க சும்மா இருப்பாங்களா? "வளையக்காரக்கா, எனக்கும் ஒரு டஜன் போடுங்க, காசு தாரேன்"ன்னு ஓடியாருவாங்க. ஆராய்ச்சிக்குன்னு குடுத்த வளையல விக்க முடியுங்களா? அது திருட்டுல்ல? "உனக்கு இல்ல சாமி இது. இந்த வளையல் போடற நெலம உனக்கு வரவே வேண்டாம்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு நடையக் கட்டிருவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை எங்கிட்டருந்து பேராது.

அந்தப் புள்ளைக்கு வாரேன். கட்டிக்கிட்டவன் லாரிக்காரன். மொதப் புள்ளைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான், அவனுக்கு முந்தியே தெரியும்போல. இவ ஒண்ணும் சண்டை போடல. "அக்கா, புள்ள நல்லாப் பொறக்குமா? அத மட்டும் சொல்லுங்க"ன்னா. "நான் சொல்றபடி கேட்டா நல்லாப் பொறக்கும், நல்லா வளரும்"ன்னேன். என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு ஒரு மவன் இருக்கான், திருப்பூர்ல பொண்டாட்டியோட இருக்கான், ஒரு நாளும் என்ற கையத் தொட்டதில்ல. அன்னைக்கே அவளத்தான் எம் பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு மாத்திரை தவறுனதில்லீங்க அவ. மாமியா பாவாயி கண்ணுல படாம அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்து முழுங்கினா. பாவாயியும் மோசமில்ல அப்ப. மருமகளுக்குன்னு தெனம் ஒரு முட்டை. நான் போனா காப்பி வெச்சுக் குடுப்பா. "இந்தக் காலத்துல காசு வாங்காம எவ வளையல் போடறா, உன்ற மனசே மனசு"ம்பா.

கட்டுச்சோத்து விருந்துக்கு என்னையும் கூப்பிட்டாங்க. பொறந்தூட்டுக்குப் பொண்ண அனுப்பற விருந்து. ஏழு வகைச் சோறு. ஆத்துக்கு அக்கரையிலருந்து ஒறம்பரைங்க வேன்ல வந்து எறங்கினாங்க. நானும் நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு முன்னால உக்காந்திருந்தேன். எல்லாரும் சந்தனம் பூசி, பூ வெச்சு விட்டாங்க. அதுல ஒரு பெரியம்மா, பாவாயிக்கு அக்கா மொறை, சந்தனம் பூச அந்தப் புள்ள கையப் புடிச்சவ அப்படியே நின்னுட்டா.

"ஏ பாவாயி, இந்த வளையல எங்க வாங்குன?"

"நான் எங்க வாங்கறேன்? இந்தா உக்காந்திருக்காளே, இவ பிரியமாப் போட்டு உட்டது."

"இதே வளையலு எங்கூர்ல ஒருத்தி கையில கெடந்துச்சு. லாரிக்காரன் பொண்டாட்டி. அவன் அந்தச் சீக்குல செத்தப்ப வளையல ஒடைக்கறதுக்கு நாந்தான் கையப் புடிச்சேன். மயில் கழுத்து, ரோசுக் கோடு. எனக்கு மறக்குமா?" அப்படீன்னுட்டு எம்பக்கம் திரும்பினா. "ஏம்மா, அங்கயும் நீதான் போட்டியா?"

எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. எனக்குப் பொய் வராதுங்க. அதுவுமில்லாம தொழில்ல ஒரு பெருமை இருக்குதுல்ல. "ஆமாங்க, நாந்தான். மேக்க இன்னொரு ஊர்லயும் ரெண்டு புள்ளைங்களுக்குப் போட்டிருக்கேன். எல்லாம் இதே வளையல்தான்"ன்னேன். சீக்கப் பத்தி நான் மூச்சு உட்டனா? உடல. வளையலப் பத்திக் கேட்டாங்க, வளையலப் பத்திச் சொன்னேன்.

அந்தப் பெரியம்மா சந்தனக் கையச் சேலையில தொடச்சா. தொடச்ச எடத்தையே மறுக்காவும் தொடச்சா. பாவாயி, "கலாமணி, எந்திரி"ன்னா. அவ்வளவுதான். அந்தப் புள்ள தலையத் தூக்கல, முந்தானைய இழுத்து ரெண்டு கையையும் மூடிக்கிச்சு. ஏழு வகைச் சோறும் அப்படியே கெடந்துது. எனக்கு ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரியில எந்தக் கடங்காரி வாயி சொல்லுச்சோ, சேதி முன்னாடியே அக்கரைக்குப் போயிருச்சுபோலன்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கறேன்.

பொறந்தூட்டுல அப்பனாத்தா இல்ல. அண்ணனும் அண்ணன் பொண்டாட்டியும்தான். சேதி இவளுக்கு முன்னாலயே அங்க போயிச் சேந்துருச்சு. மாட்டுச் சாளைக்குப் பக்கத்துல தவுடு வெக்கற ரூம்புல படுக்க வெச்சாங்க. கெணத்துல கை வெக்கக் கூடாது, அண்ணன் புள்ளைங்களத் தொடக் கூடாது. புள்ள பெரியாஸ்பத்திரியிலதான் பொறந்துது. பொட்டப் புள்ள. மொதச் சொட்டு மருந்த நானே பக்கத்துல நின்னு ஊத்த வெச்சேன். நாக்கச் சப்புக்கொட்டிக்கிட்டு என்னையப் பாத்துது பாருங்க... எனக்கு அழுகையா வந்துருச்சு. தங்கம்னு நாந்தான் கூப்பிட்டேன். வேற யாரும் பேரு வெக்கல.

வாராவாரம் போனேன். மலாரத்துக்கு அடியில மருந்துப் பாட்டில ஒளிச்சு வெச்சுக்கிட்டுத்தான் போனேன். வாசல்ல என்னையப் பாத்ததுமே அண்ணன் பொண்டாட்டி ஊரக் கூட்டற மாதிரிக் கத்துவா. "வந்துட்டாடி சீக்கு வளையக்காரி"ம்பா. நான் காதுல வாங்கிக்கவே இல்ல. நமக்கு வேலதான முக்கியம்? அந்தப் புள்ளதான் ஒரு நாளு என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, நீங்க வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அன்னைக்குப் பூராம் எனக்குச் சோறு இல்ல"ன்னா. எனக்கு மனசு கேக்குமா? அடுத்த வாரம் தூக்குப் போசியில சோறும் கறிக்கொழம்பும் கட்டிக்கிட்டுப் போயிட்டேன். அத அவ அண்ணி அப்படியே தூக்கி எருக்குழியில கொட்டுனா. அங்க பாத்தா, நான் போன வாரம் குடுத்த மருந்துப் பாட்டில் மூடிகூடப் பிரிக்காமக் கெடக்குது.

உள்ள போயிப் பாக்கறேன், புள்ள வாயில மாட்டுப்பாலுப் பாட்டில். எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "ஆறு வாரம் பொறுக்க முடியலையாடி உனக்கு? நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்கற?"ன்னு நல்லாக் கேட்டுட்டேன். "அக்கா, பாலே ஊறல. சோறு தின்னாத்தான ஊறும்"ன்னா. "மனசு வெச்சா ஊறும்"ன்னேன். அவ அழுவான்னு பாத்தேன், அழல. நெஞ்ச மட்டும் தெறந்து காட்டுனா. வேண்டாம், அத நான் சொல்ல மாட்டேன்.

பாருங்க, நான் ஒருத்தி எத்தனைக்குன்னு பாடுபடறது? மருந்து ஆபீசு குடுக்குது. பஸ்ஸு ஏறிப் போயி நான் குடுக்கறேன். வாங்கி ஊத்தறதுக்கு இவளுக்கு முடியல. அதுக்கப்பறம் கதவையும் சாத்திக்கிட்டா. வெளிய நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுத் திரும்பி வருவேன். ஆஸ்பத்திரிக்கே வந்து வாங்கிக்கறேன்னு உள்ளருந்தே சொன்னா, ஆனா வரல. பஸ்ஸுக்கு யாரு குடுக்கறது அவளுக்கு.

தங்கம் ஒரு வருசம் முழுசா இருக்கல. பேதி, காச்சல், மறுபடியும் பேதி. கடைசியில தூக்குனா ஒரு முழம் துணியத் தூக்கற மாதிரி இருந்துது. சேதி கேட்டு ஓடுனேன். காட்டுக்கு நாலு பேருகூட வரல. அவன், அந்த லாரிக்காரன், எங்கிருந்தோ வந்து அவனே குழி தோண்டுனான். நான் அழுத அழுகை, என்ற ஊட்டுக்காரரு செத்தப்பக்கூட அப்படி அழல. அந்தப் புள்ளதான் கல்லாட்டம் நின்னுது. எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப எங்கிட்ட வந்து, "அக்கா, உங்க கால்ல வேணாலும் உழுகறேன். இனி என்னையத் தேடி வராதீங்க"ன்னுச்சு. வெசனத்துல பேசறது. அதப் போயி மனசுல வெச்சுக்க முடியுங்களா?

ஆனா பாருங்க அம்மிணி, எனக்கு நடந்ததுதான் அநியாயம். அந்தப் பக்கத்து ஊருங்கள்ல இருந்து ஆராய்ச்சிக்கு வந்துக்கிட்டிருந்த பொண்ணுங்க ஒவ்வொருத்தியா நின்னுட்டாங்க. ஊட்டுக்குப் போனா, கையில ஒருத்திக்கும் வளையல் இல்ல. வெறுங் கை. "கழட்டிப் போட்டுட்டேன், போங்கக்கா"ங்கறா ஒருத்தி. இன்னொருத்தி தூக்கு மாட்டிக்கிட்டா. காப்பாத்திட்டாங்க, அப்பறம் எங்க போனாளோ தெரியல. டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "துளசி, வளையல்தான் காட்டிக் குடுத்துருச்சு. எல்லாருக்கும் ஒரே வளையலப் போட்டது நம்ம தப்பு"ன்னு சொல்லி அழுதாங்க. அத்தனை படிச்சவிய! கண்ணாடி வளையலுங்க அது. வாயிருக்குதா, நாக்கிருக்குதா, காட்டிக் குடுக்க? வேணும்னா அவிய தப்புன்னு வெச்சுக்கட்டும், பொட்டிக்குக் காசு குடுத்தது அவியதான? என்னைய எதுக்கு ஊருக்குள்ள போக வேண்டாம்னு நிறுத்தணும்? இப்ப ஆபீசுல டீ வெச்சுக் குடுத்துக்கிட்டு, ஊசி டப்பாவ அடுக்கிக்கிட்டு இருக்கேன். ஊருக்குள்ள போற புதுப் புள்ளைங்களுக்கு ஒரு பொண்ணு கையப் புடிக்கத் தெரியுமா? கேளுங்க. ஒண்ணும் தெரியாது.

என்னைய நிறுத்துனாங்க, சரி. என்ற மனச யாரு நிறுத்தறது? போன மாசம் சந்தையில அந்தப் புள்ளையோட சித்தியப் பாத்தேன். கேட்டதுக்கு, எங்க இருக்கறான்னே தெரியாதுன்னா. நான் உடுவனா? ஊடு வரைக்கும் கூடவே போயி, உக்காந்து, அழுது, சொல்ல வெச்சுட்டேன். அந்த லாரிக்காரன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டானாமா. ரெண்டு பேரும் ஒரு கோழிப்பண்ணையில இருக்காங்களாமா. அவனுக்கு முடியறதில்ல, ராக்காவல் பாக்கறான். அவ முட்டை பொறுக்கறா. மூணு வருசமாச்சு. அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லாரும் பிரியமா இருக்காங்களாமா. "அவ அங்கதான் சிரிக்கறா. உட்டுருங்க, உங்களச் சாமியாட்டம் நெனச்சுக் கேக்கறேன்"ன்னா அந்தச் சித்தி.

எப்படிங்க உடறது? இப்ப மாசமா இருக்கறா. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலையாமா. போனா ரத்தம் எடுப்பாங்க, ரத்தம் எடுத்தாப் பேரு கேப்பாங்க, பண்ணைக்குத் தெரிஞ்சுரும், ரூம்பக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பயம். அதுக்குன்னு வயித்துல இருக்கற உசுர அப்படியே உட்டுர்றதா? மாத்திரை போட்டா இது தப்பிச்சுக்கும். நெசமாத் தப்பிச்சுக்கும். போடாட்டி இன்னொரு தங்கம். இன்னொரு குழி. அத என்னால பாக்க முடியாது, எனக்கு அந்தத் தெம்பு இல்ல. அதான் ஆபீசுல யாருகிட்டயும் சொல்லாமக் கெளம்பிட்டேன். கையோட கூட்டிக்கிட்டு வந்து டாக்டரம்மா முன்னால நிறுத்திட்டன்னா, அப்பத் தெரியும் அவியளுக்கு, துளசி யாருன்னு.

ஒரே கவலை, எந்தப் பண்ணைன்னு சரியாத் தெரியல. அந்தச் சித்தி அடையாளம் மட்டும் சொன்னா, பேரு கேக்கறதுக்குள்ள என்னைய வெளிய உட்டுக் கதவச் சாத்திட்டா. எறங்கி நாலு எடத்துல அடையாளம் சொல்லி விசாரிச்சாக் காட்டாமயா போயிருவாங்க? நீங்க எங்க எறங்கறீங்க? ... அடடே, நீங்களும் அங்கதானா! பண்ணையிலதான் வேலையா? ... எது, ரோட்டோரத்துல நீலத் தகரம் போட்டிருக்குமே, அதா? அதத்தானுங்க அந்தச் சித்தியும் சொன்னா. பாருங்க, தெய்வந்தான் உங்கள எம்பக்கத்துல கொண்டாந்து உக்கார வெச்சிருக்குது! அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. கொஞ்சம் மாநெறம், கன்னத்துல மச்சம், குரல் எழும்பாமப் பேசும். கலாமணின்னு... தெரியுமா? பக்கத்து ரூம்பா!

எப்படி இருக்கறா? ஒடம்பு தேறியிருக்குதா? சோறு நல்லாத் திங்கறாளா?

என்னது? உங்க புள்ளைய அவதான் பாத்துக்கறாளா? இப்பவும் அவகிட்டத்தான் உட்டுட்டு வந்திருக்கீங்களா? கேக்கறதுக்கே எத்தன சந்தோசமா இருக்குது. புள்ளைங்கன்னா அவளுக்கு உசுரு. அய்யோ, மூஞ்சி ஏன் உங்களுக்கு இப்படி வெளுத்துப் போச்சு? தூக்குனா, கொஞ்சுனா, சோறு ஊட்டுனா ஒட்டாதுங்க இது. நான் எத்தன பேரு கையப் புடிச்சிருக்கேன், எனக்கு என்ன வந்துது? ஒண்ணும் பயப்படாதீங்க. நான் வந்து எல்லாருக்கும் பக்குவமா எடுத்துச் சொல்றேன்.

போன எடுத்து யாருக்குப் பண்றீங்க? அவளுக்கா? குடுங்க, குடுங்க, நான் ஒரு வார்த்தை பேசிக்கறேன். துளசியக்கா வர்றேன்னு தெரிஞ்சா... ஓ, உங்க ஊட்டுக்காரருக்கா.

ஏனுங்க அம்மிணி, இப்படியா கத்தறது? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பஸ்ஸு பூராம் கேட்டுக்கிட்டு இருக்குது பாருங்க.